ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் பிறந்த பண்ணை: மிசூரியின் டயமண்ட் நினைவிடத்தைப் பார்த்துவர ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், தென்மேற்கு மூலையில், டயமண்ட் என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் மேற்கே போனால் 240 ஏக்கர் நிலம்: ஓடை, ஊற்று, வால்நட் மரங்கள், ஆள் உயரப் புல். வேர்க்கடலை விஞ்ஞானி என்று உலகம் அறிந்த ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் பிறந்து வளர்ந்த பண்ணை இதுதான். 1943 ஜனவரி 5 அன்று அவர் காலமானார். ஆறே மாதத்தில், இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருந்த நேரத்தில், ஜூலை 14 அன்று இந்த இடத்தைத் தேசிய நினைவிடமாக்கும் சட்டம் நிறைவேறியது. கறுப்பின அமெரிக்கர் ஒருவருக்காக அந்நாட்டின் தேசியப் பூங்கா அமைப்பில் உருவான முதல் நினைவிடம் இது. நிலம் அரசின் கைக்கு வரத் தாமதமாகி, 1953 ஜூலையில்தான் முறையான திறப்பு விழா நடந்தது.

வருகிறவர்களில் பலர் வேர்க்கடலையைத் தேடி வருகிறார்கள். அந்த ஆய்வெல்லாம் இங்கிருந்து வெகுதூரத்தில், அலபாமாவின் டஸ்கீகியில் நடந்தது. டயமண்டில் இருப்பது அதற்கு முந்தைய கதை. பள்ளிக்கூட வாசலில் நிறுத்தி வைக்கப்பட்ட ஒரு பையன், காட்டிலும் ஓடைக்கரையிலும் செடிகளைப் பார்த்துப் பார்த்தே படித்த கதை. பெரிய கட்டடங்கள் கிடையாது. அவன் பிறந்த குடில்கூட இன்று இல்லை. நிலம்தான் இங்கே காட்சிப்பொருள். அவசரமாக வந்தால் அரை மணி நேரத்தில் சுற்றி முடித்துவிட்டு, பார்க்க ஒன்றுமில்லை என்று திரும்பிவிடலாம். அப்படித் திரும்பிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

## 1. கதையைத் தெரிந்துகொண்டு போங்கள்

இந்த இடத்துக்கு இது மிக முக்கியம். கதை தெரியாமல் போனால் ஓடை வெறும் ஓடை, மரம் வெறும் மரம்.

நிலத்தின் சொந்தக்காரர்கள் மோசஸ் கார்வர், சூசன் கார்வர் என்ற வெள்ளைக்காரத் தம்பதி. குழந்தை இல்லை. 1855-ல் மேரி என்ற 13 வயதுச் சிறுமியை 700 டாலருக்கு விலைக்கு வாங்கினார்கள். விற்பனைப் பத்திரம் இன்றும் இருக்கிறது. அந்த மேரிதான் ஜார்ஜின் தாய். ஜிம் என்று ஓர் அண்ணன். தந்தை பக்கத்துப் பண்ணையில் அடிமையாக இருந்தவர் என்றும், மரம் ஏற்றிச் சென்றபோது விபத்தில் இறந்தார் என்றும் ஜார்ஜ் பின்னாளில் கேள்விப்பட்டதைச் சொல்லியிருக்கிறார். அவர் பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. அடிமைக் குழந்தையின் பிறந்த நாளைக் குறித்துவைக்கும் வழக்கம் இல்லை. 1864-ஐ ஒட்டிய காலம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

அடிமை முறையை வைத்து வட, தென் மாநிலங்கள் மோதிக்கொண்ட உள்நாட்டுப் போரில் மிசூரியின் நிலைமை விசித்திரமானது. அடிமை முறை இருந்த மாநிலம், ஆனாலும் ஒன்றியத்தை விட்டுப் பிரியவில்லை. ஊருக்கு ஊர் இரண்டு அணி. தெற்கே அர்கன்சாஸ் எல்லை பக்கம். கொள்ளைக் கூட்டங்கள் குதிரைகளையும் அடிமைகளையும் கடத்திக்கொண்டு எல்லை தாண்டிவிடும். அப்படி ஒரு கூட்டம் மேரியையும் கைக்குழந்தை ஜார்ஜையும் தூக்கிக்கொண்டு போனது. மோசஸ் ஆள் அனுப்பித் தேடினார். குழந்தை மட்டும் கக்குவான் இருமலோடு, குற்றுயிராகத் திரும்பி வந்தது. கண்டுபிடித்துக் கொடுத்தவருக்கு மோசஸ் கொடுத்த கூலி ஒரு குதிரை. மேரி என்ன ஆனார் என்பது கடைசிவரை தெரியவில்லை.

அடிமை முறை ஒழிந்த பிறகு இரண்டு பையன்களையும் கார்வர் தம்பதியே வளர்த்தார்கள். ஜிம் திடகாத்திரமானவன், வயல் வேலைக்குப் போனான். நோஞ்சானாக இருந்த ஜார்ஜ், சூசனோடு வீட்டு வேலை. சமையல், துணி வெளுப்பது, தையல், பின்னல் எல்லாம் பழகினான். வேலை முடிந்த மீதி நேரமெல்லாம் காட்டில்தான். செடிகளைப் பிடுங்கி வந்து, யார் கண்ணிலும் படாத ஒரு மூலையில் சின்னத் தோட்டம் போட்டு வைத்திருந்தான். வாடிய செடியைத் தேற்றத் தெரிந்த பையன் என்று அக்கம்பக்கத்தில் பேர் பரவியது. அண்டைவீட்டார் அவனிடம் யோசனை கேட்டு வந்தார்கள். உள்ளூர்ப் பள்ளியிலோ கறுப்பினக் குழந்தைகளுக்கு இடமில்லை. 11, 12 வயதில் படிப்பைத் தேடி, சுமார் 13 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நியோஷோ ஊருக்கு நடந்தே போனான். அதோடு இந்தப் பண்ணை வாழ்க்கை முடிந்தது.

இவ்வளவு தெரிந்திருந்தால் போதும். மிச்ச வாழ்க்கையை அங்கே உள்ள அருங்காட்சியகம் நன்றாகவே சொல்கிறது.

தமிழர்கள் இந்த இடத்துக்குப் போக இன்னொரு காரணமும் உண்டு. கார்வர் அயோவாவின் ஏம்ஸ் நகரில் வேளாண்மைக் கல்லூரி மாணவராகவும், பிறகு அங்கேயே ஆசிரியராகவும் இருந்தபோது, செடி தேடிப் போகும் நடைகளில் ஒரு சிறுவனைக் கூட்டிப்போவார். பெயர் ஹென்றி வாலஸ். கார்வரோடு நடந்த அந்த நடைகள்தான் தனக்குத் தாவரங்கள்மீது ஆசையை ஊட்டின என்பதை வாலஸ் பின்னாளில் நன்றியோடு நினைவுகூர்ந்தார். மக்காச்சோளக் கலப்பின விதைகளில் முன்னோடியாகி, அமெரிக்கத் துணை அதிபர் வரை உயர்ந்தார். 1940-ல் மெக்சிகோ போய்வந்த வாலஸ், அங்கே வேளாண் ஆய்வு தேவை என்று ராக்ஃபெல்லர் அறக்கட்டளையிடம் வலியுறுத்தினார். 1943-ல் அந்தத் திட்டம் தொடங்கியது, அடுத்த ஆண்டு நார்மன் போர்லாக் என்ற வேளாண் விஞ்ஞானி அதில் சேர்ந்தார். அவர் உருவாக்கிய குட்டைக் கோதுமையின் விதை 1966-ல் 18,000 டன் அளவுக்கு இந்தியாவுக்கு வந்தது. அப்போது நம் உணவு, வேளாண் துறை அமைச்சர் சி. சுப்பிரமணியம், ஆய்வுப் பக்கம் நின்றவர் கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன். இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி, டயமண்டின் ஓடைக்கரையில் செடி பிடுங்கிக்கொண்டிருந்த பையன். இதைத் தெரிந்துகொண்டு அந்த மண்ணை மிதிப்பது தனி அனுபவம்.

## 2. எப்போது போவது

ஏப்ரல் கடைசியும் மே மாதமும் காட்டுப்பூக்களுக்கு. செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் வரை புல்வெளிக்கு. என்னைக் கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன். பிரெய்ரி என்று அங்கே அழைக்கிற உயர்புல்வெளி அப்போது முழு உயரத்துக்கு வளர்ந்து, செம்பழுப்பு நிறத்துக்கு மாறியிருக்கும். வெயிலும் தணிந்திருக்கும்.

வசந்த காலத்துக்கு ஓர் எச்சரிக்கை. இது டொர்னேடோ என்ற சுழல் சூறாவளி வீசும் பகுதி. பக்கத்து நகரமான ஜாப்ளினை 2011 மே 22 அன்று தாக்கிய சூறாவளி அமெரிக்க வரலாற்றிலேயே மிக மோசமானவற்றில் ஒன்று. பயந்து ஒதுங்க வேண்டியதில்லை. கிளம்பும் நாளின் வானிலை எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். எச்சரிக்கை இருந்தால் மறுநாளுக்குத் தள்ளிப்போடுங்கள்.

ஜூலை நம்மூர்ப் புழுக்கம்தான். ஆனால் அந்த மாத இரண்டாம் சனிக்கிழமை வழக்கமாக நடக்கும் 'கார்வர் தினம்' இருக்கிறதே, அதற்காக வெயிலைப் பொறுத்துக்கொள்ளலாம். இசை, பேச்சு, பூங்கா ஊழியர்களான ரேஞ்சர்களோடு நடை என்று இடமே கலகலப்பாக இருக்கும். அமைதியாகப் பார்க்க வேண்டும் என்பவர்கள் அந்த நாளைத் தவிர்த்து, ஒரு வாரநாள் காலையில் போங்கள். பள்ளிப் பேருந்துகள் வரும் வசந்த கால, இலையுதிர் கால வாரநாட்களில் முற்பகல் நெரிசல் இருக்கும், பிற்பகலில் அடங்கிவிடும்.

நுழைவுக் கட்டணம் கிடையாது. முன்பதிவும் தேவையில்லை, பள்ளி, சங்கம் என்று குழுவாகப் போனால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அப்போதுதான் ரேஞ்சர் ஒருவரை ஒதுக்க முடியும். வழக்கமான நேரம் காலை 9 முதல் மாலை 5 வரை. நன்றி நவிலும் நாள், கிறிஸ்துமஸ், புத்தாண்டு ஆகிய நாட்களில் விடுமுறை. தேசியப் பூங்காக்களின் வேலை நேரம் அடிக்கடி மாறுவதால், புறப்படும் முன் பூங்காத் துறையின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

## 3. போய்ச் சேர்வது

கார் இல்லாமல் முடியாது. பேருந்தோ ரயிலோ இந்தப் பண்ணை வரை போவதில்லை.

தமிழ்க் குடும்பங்கள் கணிசமாக வசிக்கும் இடங்களில் பக்கத்தில் இருப்பது அர்கன்சாஸின் பென்டன்வில். ஐ-49 நெடுஞ்சாலையில் வடக்கே சுமார் ஒன்றேகால் மணி நேரம். அங்கே இருப்பவர்கள் காலையில் கிளம்பி மாலையில் வீடு திரும்பலாம். டல்சாவிலிருந்து இரண்டு மணி நேரம், கன்சாஸ் சிட்டியிலிருந்து இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேல். டாலஸிலிருந்து ஆறு மணி நேரம் ஆகும், ஓர் இரவு தங்கித்தான் ஆக வேண்டும். விமானத்தில் வருபவர்களுக்கு ஜாப்ளினிலேயே சிறிய விமான நிலையம் உண்டு. வடமேற்கு அர்கன்சாஸ், ஸ்பிரிங்ஃபீல்ட், டல்சா விமான நிலையங்களில் இறங்கி வாடகைக் கார் எடுப்பதுதான் பெரும்பாலும் வசதி.

ஜாப்ளின் பக்கமிருந்து வருபவர்கள் ஐ-44-லிருந்து ஐ-49 தெற்கே திரும்பி, 'வி' என்ற ஒற்றை எழுத்துப் பெயர் கொண்ட சாலையில் கிழக்கே போக வேண்டும். மிசூரியின் கிளைச் சாலைகளுக்கு இப்படித்தான் எழுத்துகளில் பெயர் வைப்பார்கள், குழம்ப வேண்டாம். டயமண்ட் ஊருக்குள்ளிருந்து வந்தால் அதே 'வி' சாலையில் மேற்கே இரண்டு மைல். அதில் கார்வர் சாலை தெற்கே பிரியும். அங்கிருந்து ஒரு மைல்கூட இல்லை, நினைவிடம் வந்துவிடும்.

தங்குவதற்கு ஜாப்ளின். எல்லா வகை விடுதிகளும் நெடுஞ்சாலை ஓரமாகவே இருக்கின்றன. நினைவிடத்துக்குள் கூடாரம் போட்டுத் தங்க அனுமதி இல்லை. சாப்பாட்டை மட்டும் கையோடு கொண்டுபோய்விடுங்கள். டயமண்ட் மிகச் சிறிய ஊர், சைவம் சாப்பிடுபவர்களுக்குத் திண்டாட்டம்தான். நினைவிடத்தில் மேசை பெஞ்சுகளோடு மர நிழலில் சாப்பிடும் இடம் இருக்கிறது. புளியோதரை கட்டிக்கொண்டு போனால் கவலையே இல்லை.

மற்றபடி மூடிய காலணி, முழுக்கால் சட்டை, தண்ணீர், பூச்சி விரட்டும் மருந்து ஆகியவை கட்டாயம். மே முதல் செப்டம்பர் வரை புல்லில் உண்ணிகள் இருக்கும். சிகர் என்ற கண்ணுக்கே தெரியாத பூச்சி கடித்தால் நாலைந்து நாள் அரிக்கும். பாதையை விட்டு இறங்காமல் நடந்தால் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளலாம். வீடு திரும்பியதும் குழந்தைகளின் கணுக்கால், முழங்கால் மடிப்பு, காதுக்குப் பின்புறம் எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மூன்று மூன்றாக இலை விடும் பாய்சன் ஐவி கொடியையும் குழந்தைகளுக்குப் படத்தில் காட்டிவிட்டுக் கூட்டிப்போங்கள். பட்டால் தோல் தடித்துக் கொப்புளம் வரும்.

## 4. பார்வையாளர் மையம்: முதலில் இங்கேதான்

காரை நிறுத்தியதும் நேராகப் பாதைக்குப் போய்விடத் தோன்றும். வேண்டாம். முதலில் மையத்துக்குள் போய், கார்வர் வாழ்க்கையைப் பற்றி அங்கே காட்டும் அரை மணி நேரப் படத்தைப் பார்த்துவிடுங்கள். பிறகு ரேஞ்சரிடம் அன்றைக்கு வழிகாட்டி நடை உண்டா என்று கேளுங்கள். இருந்தால் உங்கள் திட்டத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். வெறும் புல்லைக் காட்டி ஒரு மணி நேரம் பேசக்கூடியவர்கள் அவர்கள்.

அருங்காட்சியகத்தில் எல்லாவற்றையும் வாசிக்க நேரம் போதாது. மூன்று விஷயங்களில் கவனம் வையுங்கள் என்பேன்.

ஒன்று, அவரது ஓவியமும் பின்னல் வேலையும். கார்வர் முதலில் கல்லூரியில் சேர்ந்தது ஓவியம் படிக்கத்தான். அயோவாவின் சிம்ப்சன் கல்லூரியில் 1890-ல் சேர்ந்தார். அவர் செடிகளை வரைவதைப் பார்த்த ஓவிய ஆசிரியைதான் தாவரவியல் பக்கம் திருப்பிவிட்டார். அவரது கற்றாழை ஓவியம் ஒன்று 1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சியில் பாராட்டுப் பெற்றது. சூசன் கற்றுக்கொடுத்த பின்னலையும் கடைசிவரை விடவில்லை. விஞ்ஞானிக்கும் ஓவியனுக்கும் நடுவே சுவர் எழுப்பிப் பழகிய நம் பள்ளிக்கூடங்களிலிருந்து வந்த எனக்கு, இந்தப் பகுதியை விட்டு நகர மனம் வரவில்லை.

இரண்டு, அவர் எழுதிய உழவர் கையேடுகள். 1896-ல், டஸ்கீகியில் கறுப்பினத்தவருக்கான கல்வி நிறுவனத்தை நடத்திய புக்கர் டி. வாஷிங்டன் அழைப்பில் அங்கே போன கார்வர், அங்கே பார்த்தது பருத்தியை மட்டுமே போட்டுப் போட்டுச் செத்துப்போன மண். குத்தகைக் கறுப்பின உழவர்களிடம் உரம் வாங்கக் காசில்லை. காற்றிலுள்ள நைட்ரஜனை வேர் முடிச்சுகளில் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கும் பயறு வகைகளையும் வேர்க்கடலையையும் பருத்தியோடு மாற்றி மாற்றிப் போடச் சொன்னார். விளைந்த கடலையை என்ன செய்வது என்று உழவர்கள் கேட்டபோதுதான் சமையல் குறிப்புகள் பிறந்தன. 1916-ல் வந்த கையேட்டில், கடலையைப் பயிரிடும் முறையோடு 105 சமையல் குறிப்புகள் இருந்தன. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக 1906-ல் கருவிகளும் விதைகளும் ஏற்றிய ஒரு வண்டியைக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். நடமாடும் வேளாண் பள்ளி.

கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் கார்வர் என்று பல குழந்தைப் புத்தகங்களில் இருக்கும். அது தவறு. கனடாக்காரர் ஒருவர் 1884-லேயே அதற்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கிவிட்டார். வேர்க்கடலையிலிருந்து 300 பொருட்கள் என்ற பட்டியலில் பெரும்பாலானவை சந்தைக்கு வந்தவையும் அல்ல. அவர் வாழ்நாளில் வாங்கிய காப்புரிமைகள் மூன்றே மூன்று. எண்ணிக்கையைப் பெரிதாகச் சொல்லிப் பெருமைப்படுவது அவருக்குச் செய்யும் நியாயமாக எனக்குப் படவில்லை. பணமில்லாத உழவனுக்குப் பணமில்லாமல் செய்யக்கூடிய விவசாயத்தைச் சொல்லிக்கொடுத்ததுதான் அவர் சாதனை.

மூன்று, 1870-களின் பள்ளி அறை போல அமைத்த வகுப்பறையும் குழந்தைகள் கைவைத்துச் செய்து பார்க்கும் ஆய்வக அறையும். குழந்தைகள் இருந்தால் இங்கே தாராளமாக நேரம் விடுங்கள்.

வெளியே வரும் முன், தேசியப் பூங்கா முத்திரைப் புத்தகம் வைத்திருப்பவர்கள் முத்திரை குத்திக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கு ஜூனியர் ரேஞ்சர் ஏட்டை வாங்கிவிடுங்கள். அதிலுள்ள கேள்விகளுக்கு விடை பாதையில்தான் இருக்கிறது. முடித்துக் கொடுத்தால் உறுதிமொழி எடுக்க வைத்து வில்லை கொடுப்பார்கள்.

## 5. கார்வர் பாதை

மொத்தம் ஒரு மைல்கூட வராத வட்டப் பாதை. வேகமாக நடந்தால் இருபது நிமிடம். ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

மையத்திலிருந்து கிளம்பினால் முதலில் வருவது பிறந்த இடம். தரையில் மரக்கட்டைகளை நாலாபுறமும் அடுக்கி, குடில் நின்ற அளவைக் காட்டியிருக்கிறார்கள். பக்கத்துக்குப் பன்னிரண்டு அடிதான். நம் அடுக்குமாடி வீடுகளின் படுக்கையறை அளவு. குழந்தைகளை அதன் ஓரமாக நடந்து அளந்து பார்க்கச் சொல்லுங்கள். தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட கதையைச் சொல்ல வேண்டிய இடம் இதுதான். மேரிக்குக் கல்லறை கிடையாது. அவர் வாழ்ந்த இடம் என்று காட்ட இந்தக் கட்டைச் சதுரம் மட்டுமே மிச்சம். கார்வர் தன் தாயின் நூற்புச் சக்கரத்தை வாழ்நாள் முழுக்கக் காப்பாற்றி வைத்திருந்தார் என்பதையும் இங்கே சொல்லுங்கள்.

அடுத்து மரங்களுக்கு இடையே சிறுவன் கார்வர் சிலை. ராபர்ட் அமெண்டோலா செய்தது, 1960-ல் நிறுவினார்கள். பாறைமேல் உட்கார்ந்து, கையில் செடியோடு இருக்கும் பையன். பொதுவாகப் பெரிய மனிதர்களைக் கோட்டும் புத்தகமுமாக நிற்க வைப்பதுதான் வழக்கம். இங்கே ஒரு தேசமே தன் விஞ்ஞானியைச் சிறுவனாகவே உட்கார வைத்திருக்கிறது. எல்லோரும் படம் எடுக்கும் இடம் என்பதால் கூட்டம் இருந்தால் முன்னே போய்விட்டுப் பிறகு திரும்பி வாருங்கள்.

சற்றுத் தள்ளி கார்வர் ஊற்று. வீட்டுக்குத் தண்ணீர் இங்கிருந்துதான் போனது. ஜார்ஜ் வாளியோடு வந்து போன வழி. ஊற்று நீர் ஓடையாகி மரங்களுக்கு நடுவே போகும். இங்கே உட்கார்ந்துவிடுங்கள். பாசி, பெரணி, மண்ணுக்கு வெளியே நீண்டிருக்கும் சிக்கமோர் வேர்கள், நீர்ப்பூச்சிகள் என்று பார்க்க நிறைய இருக்கிறது. பேரெல்லாம் தெரிய வேண்டியதில்லை. அந்தப் பையனுக்கும் பேர்கள் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற தவிப்புதான் அவனை ஊர் ஊராக விரட்டியது. குழந்தைகளிடம் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து ஏதாவது ஓர் இலையை வரையச் சொல்லுங்கள். இலையைப் பறிக்கக் கூடாது, இருந்த இடத்தில் வைத்தே வரைய வேண்டும். தேசியப் பூங்கா நிலத்தில் செடி, கல், இறகு எதையும் எடுத்துப்போகச் சட்டம் அனுமதிப்பதில்லை. பார்க்க மட்டும்தான் என்ற கட்டுப்பாடு வந்ததுமே குழந்தைகள் உற்றுப் பார்க்கத் தொடங்குகிறார்கள், கவனித்துப் பாருங்கள்.

பிறகு வில்லியம்ஸ் குளம். ஆமைகள் வெயில் காயும். ஓடையும் காடும் முடிந்து நிலம் திறந்துகொள்ளும் இடம் இது.

குளத்தைத் தாண்டி வரும் மரப்பலகை வீடு மோசஸ் கார்வருடையது, 1881-ல் கட்டியது. இதைத்தான் ஜார்ஜ் வளர்ந்த வீடு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஜார்ஜ் பண்ணையை விட்டுப் போய்ச் சில ஆண்டுகளுக்குப் பிறகு கட்டிய வீடு அது. நின்ற இடமும் பிற்காலத்தில் மாறியது. இருந்தாலும் நின்று பார்க்க வேண்டிய வீடுதான், மோசஸ் என்ற மனிதரை எப்படிப் புரிந்துகொள்வது என்ற கேள்வி இங்கேதான் அழுத்தமாக எழும். போரில் ஒன்றியத்தின் பக்கம் நின்றவர், ஆனால் 13 வயதுப் பெண்ணைக் காசு கொடுத்து வாங்கியவர். அந்தப் பெண்ணின் பிள்ளைகளைத் தன் வீட்டில் வளர்த்தவர். வளர்த்ததைச் சொல்லி வாங்கியதை மறைக்கக் கூடாது. வாங்கியதைச் சொல்லி வளர்த்ததை இல்லை என்றும் ஆக்க முடியாது. நினைவிடத்தின் பலகைகள் இரண்டையும் சொல்கின்றன. நீங்களும் குழந்தைகளிடம் இரண்டையும் சொல்லுங்கள்.

இதன் பிறகு பாதை உயர்புல்வெளியின் ஓரமாகப் போகும். நூறு ஆண்டு உழவில் அழிந்துபோன புல்வெளியை விதை போட்டு, தீ வைத்து, களை எடுத்து மீட்டுக் கொண்டுவந்திருக்கிறார்கள். பிக் புளூஸ்டெம் என்ற புல் இரண்டு மீட்டருக்கு மேல் வளரும். வசந்த காலத் தொடக்கத்தில் போனால் சில பகுதிகள் கருகிக் கிடக்கலாம். விபத்து என்று நினைக்க வேண்டாம். மரக்கன்றுகள் புல்லை மூடிவிடாமல் இருக்கத் திட்டமிட்டு வைக்கும் தீ அது. சில வாரங்களில் பச்சை துளிர்த்துவிடும். பழைய வேலி வரிசையில் நிற்கும் கறுப்பு வால்நட் மரங்களையும் இங்கே பார்க்கலாம்.

கடைசியாகக் கல்லறைத் தோட்டம். மோசஸும் சூசனும் அக்கம்பக்கத்துக் குடும்பங்களும் இங்கே அடங்கியிருக்கிறார்கள். ஜார்ஜ் இங்கே இல்லை. அவர் டஸ்கீகியில், புக்கர் டி. வாஷிங்டனுக்குப் பக்கத்தில் உறங்குகிறார். அண்ணன் ஜிம் 1883-ல் பெரியம்மையில் இளம் வயதிலேயே இறந்தான்.

வயதானவர்களைக் கூட்டிப்போகிறீர்களா? பாதை பெரிய ஏற்ற இறக்கமில்லாதது, உட்காரப் பெஞ்சுகள் உண்டு. சக்கர நாற்காலி என்றால் எந்தப் பகுதிவரை சிரமமில்லாமல் போகலாம் என்று மையத்தில் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். மழை பெய்த மறுநாள் ஊற்றுப் பக்கம் வழுக்கும்.

## 6. குழந்தைகளிடம் எப்படிச் சொல்வது

அமெரிக்காவில் வளரும் நம் பிள்ளைகள் பள்ளியில் கார்வர் பெயரைக் கேட்டிருப்பார்கள். கறுப்பின வரலாற்று மாதமான பிப்ரவரியில் ஒரு படம் வரைந்திருப்பார்கள். ஆனால் மனிதரை மனிதர் விலைக்கு வாங்கினார்கள் என்பது அவர்களுக்கு ஒரு பாடவரி. இந்த இடத்தில் அது ஒரு தாயின் பெயரும் ஒரு தொகையுமாக மாறும். ஏழெட்டு வயதுக் குழந்தை கட்டாயம் கேட்கும்: அம்மாவை ஏன் தேடவில்லை? தேடினார்கள், கிடைக்கவில்லை என்ற உண்மையைச் சொல்லிவிடுங்கள். மழுப்ப வேண்டாம்.

கூடவே, நம் ஊர்ப் பள்ளிகளிலும் சாதியைச் சொல்லித் தனியே உட்கார வைத்த காலம் இருந்தது என்பதையும் சொல்லுங்கள். அமெரிக்காவின் குற்றத்தை மட்டும் சுட்டிக்காட்டிவிட்டு நம்முடையதை மறைத்தால், அந்தக் குழந்தை நம்மை நம்பாது.

பதின்ம வயதுப் பிள்ளைகள் என்றால் கன்சாஸில் நடந்ததையும் சொல்லலாம். ஃபோர்ட் ஸ்காட் நகரில் 1879-ல் கறுப்பினத்தவர் ஒருவரைக் கும்பல் கொன்றதைக் கண்ணால் கண்ட ஜார்ஜ், உடனே அந்த ஊரை விட்டு ஓடினார். பிறகு ஹைலேண்டில் ஒரு கல்லூரி அஞ்சல் வழி இடம் கொடுத்துவிட்டு, நேரில் நிறம் பார்த்ததும் வாசலிலேயே திருப்பி அனுப்பியது. இவ்வளவுக்குப் பிறகும் 1894-ல் இளங்கலை, 1896-ல் முதுகலை. அயோவா வேளாண் கல்லூரியில் முதல் கறுப்பின மாணவரும் முதல் கறுப்பின ஆசிரியரும் அவரே.

## 7. பிற்பகலில் நியோஷோ

மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு நியோஷோ போங்கள். சிறுவன் ஜார்ஜ் நடந்த தூரம், காரில் கால் மணி நேரம். பின்னிருக்கையில் இருக்கும் பிள்ளைகளை ஜன்னல் வழியே பார்க்கச் சொல்லுங்கள். இந்த வழியை அவர்கள் வயதில் தனியாக நடந்திருக்கிறான்.

ஊருக்குப் போன முதல் இரவு அவன் படுத்தது ஒரு கொட்டகையில். மறுநாள் அவனைக் கண்டெடுத்தவர்கள் மரியா வாட்கின்ஸ், ஆண்ட்ரூ வாட்கின்ஸ் என்ற கறுப்பினத் தம்பதி. மரியா மருத்துவச்சி, துணி வெளுக்கும் வேலையும் செய்தார். மூலிகைகள் தெரிந்தவர். 'கார்வருடைய ஜார்ஜ்' என்று சொல்லிக்கொண்ட பையனிடம், இனி நீ ஜார்ஜ் கார்வர் என்றார் அவர். கறுப்பினப் பிள்ளைகளுக்காக 1872-ல் தொடங்கிய அந்தச் சிறிய பள்ளிக் கட்டடம் இன்றும் நியோஷோவில் நிற்கிறது, பழைய வடிவத்துக்கு மீட்டிருக்கிறார்கள். உள்ளே போய்ப் பார்க்க முடியுமா, எந்த நாளில் என்பதை டயமண்ட் மையத்திலேயே கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். வெளியிலிருந்து மட்டும் பார்க்க முடிந்தாலும் போகலாம். ஒரு சிறிய அறை, அவ்வளவுதான். அதில் படித்துத் தீர்ந்துவிட்டது என்று தோன்றியதும் அவன் கன்சாஸுக்குக் கிளம்பிவிட்டான்.

நேரம் மிச்சமிருந்தால் அதே ஊரில் 1888-ல் தொடங்கிய கூட்டரசு மீன் குஞ்சு வளர்ப்பு நிலையம் இருக்கிறது. இன்றும் இயங்குபவற்றில் நாட்டிலேயே பழையது அதுதான். குழந்தைகளுக்குப் பிடிக்கும்.

மறுநாளும் கையில் இருப்பவர்கள் வடக்கே கன்சாஸ் எல்லை தாண்டி ஃபோர்ட் ஸ்காட் தேசிய வரலாற்றுத் தலத்துக்குப் போகலாம், சுமார் ஒன்றரை மணி நேரம். உள்நாட்டுப் போருக்கு முன் எல்லை ஊர்கள் எப்படிக் கொதித்துக்கொண்டிருந்தன என்பது அங்கே புரியும். கிழக்கே ஸ்பிரிங்ஃபீல்ட் பக்கம் வில்சன்ஸ் கிரீக் போர்க்களம் இருக்கிறது, 1861 ஆகஸ்ட் 10 அன்று மிசூரியின் முதல் பெரிய சண்டை நடந்த இடம். இரண்டில் ஒன்றுதான் என்றால் ஃபோர்ட் ஸ்காட். ஜார்ஜ் வாழ்ந்து, தப்பி ஓடிய ஊர் அது.

கார்வரின் பெரிய ஆய்வுகளைப் பார்க்க வேண்டும் என்றால் அதற்குத் தனிப் பயணம் தேவை. அலபாமாவின் டஸ்கீகி தேசிய வரலாற்றுத் தலத்தில் அவர் பெயரில் அருங்காட்சியகமும், பல்கலைக்கழக வளாகத்தில் அவர் கல்லறையும் இருக்கின்றன. அட்லாண்டாவிலிருந்து ஐ-85 வழியே சுமார் இரண்டு மணி நேரம். போகிறவர்கள் டயமண்டை முதலிலும் டஸ்கீகியைப் பிறகும் வைத்துக்கொள்ளுங்கள்.